நாள்பட்ட நுரையீரல் நோய்களும் சி.டி. ஸ்கேனும்

படியேறினால் இரைப்பு, மாதக்கணக்கில் நிற்காத இருமல். நாள்பட்ட நுரையீரல் நோய்களில் பல இந்த அறிகுறிகளோடுதான் வருகின்றன. ஆரம்பக் கட்டத்தில் மார்பு எக்ஸ்ரே இயல்பாகவே தெரிவதும் உண்டு. இவற்றை வகை பிரிக்க மருத்துவர்கள் பெரிதும் நம்புவது நுண்துல்லிய சி.டி. ஸ்கேனை. ஒன்றரை மில்லிமீட்டரோ அதற்கும் குறைவோ தடிமன் கொண்ட குறுக்குவெட்டுப் படங்களாக நுரையீரலை இது காட்டுகிறது.

காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்டு உருவாக்கிய சி.டி. கருவி, 1971 அக்டோபரில் விம்பிள்டனில் உள்ள ஆட்கின்சன் மார்லி மருத்துவமனையில் முதன்முதலாக ஒரு நோயாளியின் மூளையைப் படமெடுத்தது. திசுக்களின் அடர்த்தியை அளக்கும் அலகுக்கு அவர் பெயரே நிலைத்தது: தண்ணீருக்கு 0, காற்றுக்கு −1000. மூச்சை முழுதாக இழுத்துப் பிடித்த நிலையில் −950-க்கும் கீழே போகும் இடங்கள், காற்றறைச் சுவர்கள் அழிந்துபோன எம்பைசீமாவைச் சுட்டுகின்றன. அது எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். புகைபிடித்தவர்களுக்குப் பெரும்பாலும் மேல் மடல்களில் தொடங்கும். ஆல்ஃபா-1 ஆன்டிட்ரிப்சின் என்ற புரதம் பிறவியிலேயே குறைந்தவர்களுக்குக் கீழ் மடல்கள்தான் அதிகம் பாதிக்கப்படும்.

மூச்சுக்குழாய் விரிவு நோயைக் கண்டுபிடிப்பது இன்னும் எளிது. பக்கத்தில் ஓடும் தமனியைவிடக் குழாய் பருத்திருந்தால், குறுக்குவெட்டில் இரண்டும் சேர்ந்து கல் வைத்த மோதிரம்போலத் தெரியும். காசநோய் ஆறிய மேல் மடல்களில் இதை அடிக்கடி பார்க்கலாம்.

உண்மையான சிக்கல், நுரையீரல் தழும்பேறும் நோய்களில்தான். காரணம் தெரியாமல் வரும் ஐ.பி.எஃப். நோயில், கீழ்ப்பகுதியில், நுரையீரல் உறையை ஒட்டி, தேன்கூடு போன்ற வெற்றறைகள் வரிசையாக அடுக்கியிருக்கும். புறாவின் எச்சம், இறகு, பூஞ்சை போன்றவற்றைச் சுவாசித்து வரும் ஒவ்வாமை அழற்சியில் தழும்பு கீழே மட்டும் ஒதுங்குவதில்லை. வெளுத்த திட்டு, இயல்பான பகுதி, காற்று சிக்கிக் கறுத்த திட்டு என மூன்று அடர்த்திகள் ஒரே படத்தில் அருகருகே கிடக்கும். மூச்சை வெளிவிட்ட நிலையிலும் ஒரு ஸ்கேன் எடுத்தால்தான் காற்று சிக்கியிருப்பது தெளிவாகும். அதைத் தவிர்த்தால் முக்கியமான தடயம் நழுவிவிடும். மல்லாந்து படுக்கும்போது முதுகுப்புறத்தில் தோன்றும் வெண்மை நோயா, புவியீர்ப்பால் வந்ததா என்று அறிய, குப்புறப் படுக்கவைத்தும் படமெடுப்பார்கள்.

இந்த இரு நோய்களின் வேறுபாட்டை நம்பித்தான் மருந்து. ஒவ்வாமை அழற்சிக்கு, காரணத்தை விலக்குவதோடு ஸ்டீராய்டும் உதவக்கூடும். ஐ.பி.எஃப். நோயாளிகளுக்கோ பிரட்னிசோன், அசாதியோபிரின், அசிட்டைல்சிஸ்டீன் மூன்றையும் சேர்த்துக் கொடுத்த அமெரிக்க ஆய்வில் இறப்பும் மருத்துவமனை அனுமதியும் கூடியதால், 2011இல் அந்தச் சிகிச்சை பாதியிலேயே நிறுத்தப்பட்டது. தழும்பு பரவுவதை மெதுவாக்கும் பிர்ஃபெனிடோன், நின்டெடானிப் ஆகியவை இன்று அவர்களுக்குத் தரப்படும் முக்கிய மருந்துகள்.

இந்தியாவில் இரண்டையும் பிரித்தறிவதில் எச்சரிக்கை கூடுதலாகவே தேவை. 27 மையங்களில் இத்தகைய நோயுள்ள 1,084 பேரைப் பதிவுசெய்து 2017இல் வெளியான ஆய்வில், ஒவ்வாமை அழற்சி 47.3 சதவீதம்; ஐ.பி.எஃப். 13.7 சதவீதம் மட்டுமே. ஒவ்வாமை அழற்சி உள்ளவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் ஏர்கூலர் பயன்படுத்தியவர்கள். படத்தைப் பார்ப்பவருக்கு வீட்டில் கூலர் உண்டா, மாடத்தில் புறா அடைகிறதா என்ற விவரமும் போய்ச் சேர வேண்டும்.

தேன்கூட்டு அமைப்பு தெளிவாக இருந்து, வேறு காரணமும் இல்லையென்றால், அறுவை சிகிச்சை வழியே திசு எடுத்துச் சோதிக்க வேண்டாம் என்கிறது 2018ஆம் ஆண்டின் பன்னாட்டு வழிகாட்டி. தெளிவில்லாத படங்களை நுரையீரல் மருத்துவர், கதிரியக்க மருத்துவர், திசுவியல் மருத்துவர் மூவரும் ஒன்றாக உட்கார்ந்து விவாதித்த பிறகே நோயின் பெயரை முடிவு செய்கிறார்கள்.