ராஃபிள்ஸ் விடுதியின் உணவகங்களும் மதுவகங்களும்

ராஃபிள்ஸ் விடுதி என்பது சிங்கப்பூரின் பீச் சாலையில் 1887 ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட ஒரு தங்கு விடுதி ஆகும். சிங்கப்பூரின் நிறுவனராகக் கருதப்படும் ஸ்டாம்ஃபோர்டு ராஃபிள்சின் பெயரைத் தாங்கியது. இவ்விடுதி தன் அறைகளைக் காட்டிலும் தன் உணவுக்கூடங்களாலும் மதுவகங்களாலுமே உலகெங்கும் அறியப்பட்டது எனலாம். குறிப்பாக இங்குள்ள லாங் பார் எனப்படும் மதுவகம், சிங்கப்பூர் ஸ்லிங் என்னும் கலப்பு மதுபானத்தின் பிறப்பிடமாகக் கருதப்படுகின்றது. தமிழ்நாட்டில் ஓட்டல் என்ற சொல் பெரும்பாலும் சாப்பிடும் இடத்தையே குறிக்கும்; தங்குமிடம் இரண்டாம் பொருளே. இவ்விடுதியின் தொடக்க ஆண்டுகளுக்கு அந்தத் தமிழ்நாட்டு வழக்கு நன்றாகவே பொருந்துகிறது.

தொடக்கம்

விடுதியை நிறுவியவர்கள் ஆர்மீனியரான சார்க்கீஸ் உடன்பிறப்புகள் ஆவர். இவர்கள் பினாங்கின் ஈஸ்டர்ன் அண்டு ஓரியண்டல் விடுதி, இரங்கூனின் ஸ்ட்ராண்ட் விடுதி ஆகியவற்றோடும் தொடர்புடையவர்கள். அரபு வணிகர் ஒருவருக்குச் சொந்தமான கடற்கரையோர மாளிகை ஒன்றை வாடகைக்கு எடுத்து, 1887 டிசம்பர் 1 அன்று 10 அறைகளுடன் விடுதியைத் திறந்தனர். அன்று கடல் விடுதியின் எதிரிலேயே இருந்தது. பின்னாளில் கடல் நிரப்பப்பட்டு நிலமானதால் பீச் சாலையில் இன்று பெயரில் மட்டுமே கடற்கரை உள்ளது.

ஆங்கில எழுத்தாளர் ருட்யார்டு கிப்ளிங் 1889 இல் சிங்கப்பூர் வந்தபோது இங்கே உணவு உண்டார். இங்கு உணவு மிக நன்று, அறைகள் மோசம் என்பதே அவர் எழுதியதன் சாரம். பயணிகள் ராஃபிள்சில் உண்டுவிட்டு, போட்டி விடுதியான ஓட்டல் டி லா யூரோப்பில் உறங்கவேண்டும் என்றும் அவர் அறிவுரை கூறினார். விடுதியார் உணவைப் பற்றிய பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு விளம்பரம் செய்தனர். இவ்விடுதியைப் பற்றிய கதைகளைப் படிக்கும்போது இந்தச் செய்தியை நினைவில் வைத்திருப்பது பயன் தரும். ஏனெனில் இங்குள்ள பல கதைகள் பாதி வெட்டப்பட்டவை, அல்லது சற்றே நீட்டப்பட்டவை.

இன்று காணப்படும் முதன்மைக் கட்டடம் 1899 இல் திறக்கப்பட்டது. இதனைக் கட்டடக் கலைஞர் ஆர். ஏ. ஜே. பிட்வெல் வடிவமைத்தார். அதன் கீழ்த்தளத்தில் பளிங்குத் தரையுடன் கூடிய பெரிய உணவுக்கூடம் இருந்தது. மின்விளக்கும் மின்விசிறியும் அக்காலத்தில் பெரும் கவர்ச்சியாக இருந்தன.

டிஃபின் அறை

விடுதியின் முக்கிய உணவகம் டிஃபின் அறை என அழைக்கப்படுகிறது. 1892 முதல் அது தன் வரலாற்றின் ஒரு பகுதி என்று விடுதி கூறுகின்றது. டிஃபின் என்பது ஆங்கிலேயர் இந்தியாவில் மதிய உணவுக்குப் பயன்படுத்திய சொல். சிறிதளவு மது அருந்துதலைக் குறித்த ஓர் ஆங்கிலக் கொச்சைச் சொல்லிலிருந்து இது வந்ததாகக் கூறுவர். அவ்வாறாயின், மதுவில் தொடங்கிய சொல் தமிழ்நாட்டுக்கு வந்து இட்லியையும் தோசையையும் குறிக்கும் டிபன் ஆகியிருக்கிறது. எதிர்த்திசையில் சென்ற சொல்லும் உண்டு. ஆங்கிலேயரின் உணவுப் பட்டியல்களில் இடம்பெற்ற மல்லிகடானி சூப், தமிழின் மிளகுத்தண்ணீரே ஆகும்.

குடியேற்றக் காலத்து ஐரோப்பியர்களுக்கு மதியக் கறிச் சோறு ஒரு சடங்கு போன்றது. சோற்றுடன் பல வகைக் கறிகளும் தொடுகறிகளும் வரிசையாகப் பரிமாறப்படும். டிஃபின் அறையும் நெடுங்காலம் கறி வகைகளை வரிசையாக அடுக்கி வைத்து, விருந்தினர் தாமே எடுத்துக்கொள்ளும் முறைக்குப் பெயர் பெற்றிருந்தது. 2019 ஆம் ஆண்டுப் புதுப்பிப்புக்குப் பிறகு இது வட இந்திய உணவுகளை முதன்மையாகக் கொண்ட உணவகமாக மாறியது.

புலியும் பில்லியர்ட்ஸ் அறையும்

விடுதியின் மது மற்றும் பில்லியர்ட்ஸ் அறையில் பில்லியர்ட்ஸ் மேசைக்கு அடியில் ஒரு புலி சுடப்பட்டது என்பது பரவலாகச் சொல்லப்படும் கதை. நடந்தது சற்று வேறு. 1902 ஆகஸ்டில் அருகில் நடந்த காட்சி ஒன்றிலிருந்து தப்பிய புலி விடுதி வளாகத்துக்குள் நுழைந்தது. அந்தக் கட்டடம் தூண்களின் மீது உயர்த்திக் கட்டப்பட்டிருந்ததால் அதன் தரைக்கு அடியில் இடைவெளி இருந்தது. புலி அங்கே பதுங்கியது. குறி சுடுவதில் பெயர் பெற்றவரும் ராஃபிள்ஸ் கல்வி நிலையத்தின் தலைமை ஆசிரியருமான சார்ல்ஸ் மெக்கோவன் ஃபிலிப்ஸ் வரவழைக்கப்பட்டு அதனைச் சுட்டுக் கொன்றார். ஆகவே புலி மேசைக்கு அடியில் இருக்கவில்லை, அறைக்கு அடியில் இருந்தது. இது காட்டுப் புலியும் அல்ல, கூண்டுப் புலி. இதுவே சிங்கப்பூரின் கடைசிப் புலி என்பதும் தவறு. 1930 இலும் தீவின் வடமேற்கில் சுவா சூ காங் பகுதியில் ஒரு புலி சுடப்பட்டது.

லாங் பார்

லாங் பார் என்பதன் நேர்ப்பொருள் நீண்ட மதுமேசை. 20 ஆம் நூற்றாண்டின் முதற்பாதியில் மலாயாவின் ரப்பர்த் தோட்ட அதிகாரிகளும் வணிகர்களும் கூடும் இடமாக இது இருந்தது. அவர்கள் அருந்தியவற்றுள் சில மலாய்ப் பெயர்களைக் கொண்டிருந்தன. விஸ்கியும் சோடாவும் கலந்தது ஸ்தெங்கா. பாதி என்று பொருள்படும் மலாய்ச் சொல்லிலிருந்து வந்தது. ஜின்னுடன் கசப்புச் சாறு சேர்த்தது ஜின் பாஹித். பாஹித் என்றால் கசப்பு. காசு கொடுக்கும் வழக்கம் அரிது. அருந்தியவர் ஒரு துண்டுச் சீட்டில் கையொப்பமிடுவார், மாத முடிவில் கணக்குத் தீர்க்கப்படும்.

மேசைக்கு மறுபுறம் நின்றவர்கள் பெரும்பாலும் சீனாவின் ஹைனான் தீவிலிருந்து வந்தவர்கள். சிங்கப்பூருக்கு மற்ற சீனச் சமூகத்தினரை விடத் தாமதமாக வந்த ஹைனானியர், வணிகத் துறைகள் ஏற்கெனவே பிறர் வசமிருந்ததால், ஐரோப்பியர் வீடுகளிலும் விடுதிகளிலும் கப்பல்களிலும் சமையல், பரிமாறல் வேலைகளை ஏற்றனர். இன்று சிங்கப்பூர் உணவாகப் போற்றப்படும் ஹைனானியக் கோழிச் சோற்றுக்கும் இச்சமூகமே காரணம்.

தோட்டங்களில் பால் வெட்டியோரில் பெரும்பங்கினர் தமிழ்நாட்டிலிருந்து சென்ற தொழிலாளர்கள். லாங் பாரின் இன்றைய உள்ளலங்காரம் 1920 களின் மலாயாத் தோட்ட வாழ்வை நினைவூட்டும் வகையில் அமைக்கப்பட்டுள்ளது. கூரையில் ஓலை விசிறி வடிவிலான பங்காக்கள் இயந்திரத்தால் அசைகின்றன. அக்காலத்தில் பங்காவைக் கயிறு பிடித்து இழுக்க ஓர் ஆள் இருந்தான். அலங்காரத்தில் தோட்டம் உண்டு. தோட்டத்தில் உழைத்தவர் இல்லை.

சிங்கப்பூர் ஸ்லிங்

ஹைனானியரான நியாம் தோங் பூன் என்ற மதுக் கலவையாளர் 1915 இல் இதனை உருவாக்கினார் என்பது விடுதியின் கூற்று. பெண்கள் பொது இடத்தில் மது அருந்துவது தகாதது எனக் கருதப்பட்ட காலம் அது. பழச்சாறு போலத் தோன்றும் இளஞ்சிவப்பு நிறத்தில் அவர் ஒரு மதுபானத்தைக் கலந்து தந்தார் என்பர்.

இக்கூற்றை அப்படியே ஏற்பதில் சில இடர்கள் உள்ளன. ஸ்லிங் என்பது மது, சர்க்கரை, நீர் ஆகியன சேர்ந்த பழைய வகை. காக்டெயில் என்ற சொல்லுக்கு 1806 இல் அமெரிக்க இதழொன்று தந்த விளக்கமே, கசப்புச் சாறு சேர்த்த ஸ்லிங் என்பதுதான். சிங்கப்பூரிலும் 1915 க்கு முன்பே ஜின் ஸ்லிங் அருந்தப்பட்டது. இளஞ்சிவப்பு ஸ்லிங்குகள் பற்றிய குறிப்பு 1903 ஆம் ஆண்டின் செய்தித்தாளிலேயே உள்ளது. எனவே நியாம் தோங் பூன் ஒரு பழைய வகைக்குப் புது வடிவம் தந்தார் என்று கொள்வதே பொருத்தம்.

அந்த வடிவம் எது என்பது அடுத்த கேள்வி. ராபர்ட் வெர்மெய்ர் 1922 இல் வெளியிட்ட நூலில் ஸ்ட்ரெய்ட்ஸ் ஸ்லிங் என்ற பெயரில் ஒரு செய்முறை உள்ளது. அதில் ஜின், செர்ரி பிராந்தி, பெனடிக்டின், எலுமிச்சை, கசப்புச் சாறுகள், சோடா ஆகியன உள்ளன. ஹாரி கிராடாக் 1930 இல் தொகுத்த சவாய் விடுதியின் நூலில் சிங்கப்பூர் ஸ்லிங் என்ற பெயரிலேயே ஒன்று உள்ளது. அது ஜின், செர்ரி பிராந்தி, எலுமிச்சை, சோடா என்று இன்னும் எளியது. இரண்டிலும் அன்னாசிச் சாறு இல்லை. இன்றைய செய்முறையிலோ அன்னாசிச் சாறுதான் பெரும்பகுதி. விடுதி தன் சான்றாக ஒரு துண்டுச் சீட்டைக் காட்டுகிறது. 1936 இல் விருந்தினர் ஒருவர் கேட்டதற்கிணங்க மதுவகப் பணியாளர் செய்முறையை எழுதிக் கொடுத்த சீட்டு அது என்பர். அன்றாடக் கணக்குக்குப் பயன்பட்டுக் கிழித்தெறியப்படும் சீட்டு வரலாற்று ஆவணம் ஆனது இவ்வாறுதான்.

பன்னாட்டு மதுக் கலவையாளர் சங்கத்தின் செய்முறைகளுள் பரவலாக அறியப்பட்ட ஒன்றின்படி அளவுகள் வருமாறு: ஜின் 30 மிலி, செர்ரி மது 15 மிலி, குவாந்த்ரோ 7.5 மிலி, பெனடிக்டின் 7.5 மிலி, அன்னாசிச் சாறு 120 மிலி, எலுமிச்சைச் சாறு 15 மிலி, மாதுளைப் பாகு 10 மிலி, ஒரு துளி அங்கோஸ்துரா கசப்புச் சாறு. இவை பனிக்கட்டியுடன் குலுக்கப்பட்டு உயரமான கண்ணாடிக் குவளையில் வடிக்கப்படும். குலுக்கும்போது அன்னாசிச் சாறு நுரைத்து மேலே ஒரு படலமாக நிற்கும். மேலே அன்னாசித் துண்டும் செர்ரிப் பழமும் வைக்கப்படும்.

பழச்சாறு போன்ற தோற்றம் ஏமாற்றக்கூடியது. செர்ரி மது 24 விழுக்காடும் மற்ற மூன்றும் 40 விழுக்காடும் சாராயச் செறிவு உடையவை எனக் கொண்டால், ஒரு குவளையில் ஏறக்குறைய 21.6 மிலி தூய சாராயம் உள்ளது. மொத்தம் 205 மிலி; ஆகவே பனிக்கட்டி உருகுமுன் செறிவு ஏறத்தாழ 10.5 விழுக்காடு. இது பியரைப் போல இரு மடங்கு, திராட்சை மதுவைவிடச் சற்றுக் குறைவு. இனிப்பும் புளிப்பும் சாராயத்தின் காரத்தை மறைப்பதால் விரைவாகக் குடித்துவிட நேர்கிறது.

நிலக்கடலைத் தோல்

லாங் பாரில் மேசைதோறும் தோலுடன் கூடிய நிலக்கடலை வைக்கப்படுகின்றது. உரித்த தோலைத் தரையில் எறிவது இங்குள்ள வழக்கம். 1968 முதல் தூய்மை இயக்கம் நடத்தி, தெருவில் குப்பை போட்டால் தண்டம் விதிக்கும் நாட்டில் இது வியப்புக்குரியது. நடக்கும்போது காலடியில் தோல் நொறுங்கும் ஓசை இங்கு வருவோர் தவறாமல் குறிப்பிடும் அனுபவங்களுள் ஒன்று. பலர் முதல் தோலை எறியுமுன் சுற்றும் முற்றும் பார்த்துக்கொள்கின்றனர்.

போரும் பிற்காலமும்

பொருளாதாரப் பெருமந்தத்தில் சார்க்கீஸ் நிறுவனம் 1931 இல் நொடித்தது. 1933 இல் ராஃபிள்ஸ் ஹோட்டல் லிமிடெட் உருவாக்கப்பட்டது. 1942 பெப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தபின் விடுதி ஷோனான் ரியோகான் என்று பெயர் மாற்றப்பட்டு ஜப்பானிய அதிகாரிகளின் தங்குமிடமானது. மாட்டிறைச்சி பரிமாறும் வெள்ளித் தள்ளுவண்டியை ஊழியர்கள் முற்றத்துத் தோட்டத்தில் புதைத்துக் காப்பாற்றியதாகக் கூறப்படுகின்றது. போர் முடிந்ததும் விடுவிக்கப்பட்ட போர்க்கைதிகளுக்கு இது இடைத்தங்கலாகப் பயன்பட்டது.

1987 இல் தேசிய நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்டது. 1989 இல் மூடப்பட்டு 1991 இல் மீண்டும் திறக்கப்பட்டபோது, லாங் பார் தன் பழைய இடத்திலிருந்து கடைத்தொகுதியின் மாடிக்கு மாற்றப்பட்டது. எனவே இன்று பயணிகள் அமரும் அறை, நியாம் தோங் பூன் நின்று மது கலந்த அறை அன்று. இரண்டாவது பெரிய புதுப்பிப்பு 2017 இல் தொடங்கி 2019 இல் நிறைவுற்றது. அவ்வாண்டில் பிரெஞ்சு சமையற்கலைஞர்கள் ஆன்-சோஃபி பிக், அலென் துகாஸ் ஆகியோரின் உணவகங்கள் இங்கே திறக்கப்பட்டன. துகாசின் உணவகம் புலிக் கதைக்குரிய பில்லியர்ட்ஸ் அறையில் அமைந்தது.

விலையும் சட்டமும்

சிங்கப்பூர் விடுதி உணவகங்களின் விலைப்பட்டியலில் விலைக்குப் பின் இரு கூட்டல் குறிகள் காணப்படும். முதலாவது 10 விழுக்காடு சேவைக் கட்டணத்தையும் இரண்டாவது பொருள் சேவை வரியையும் குறிக்கும். இவ்வரி 2024 முதல் 9 விழுக்காடு. வரி, சேவைக் கட்டணம் சேர்ந்த தொகையின் மீது கணக்கிடப்படுவதால் 100 வெள்ளி என்று போட்டிருந்தால் 119.90 வெள்ளி செலுத்தவேண்டும். தனியாக அன்பளிப்பு தரும் வழக்கம் இல்லை. மதுவுக்கு லிட்டர் தூய சாராயத்துக்கு 88 வெள்ளி என 2014 இல் தீர்வை உயர்த்தப்பட்டது. இதன்படி மேற்கூறிய ஒரு குவளையில் அடங்கும் தீர்வை ஏறத்தாழ 1.90 வெள்ளி மட்டுமே. எஞ்சிய விலையில் பெரும்பகுதி இடத்துக்கும் பெயருக்கும் உரியது.

மது அருந்தச் சட்டப்படியான வயது 18. விடுதியிலிருந்து நடந்து செல்லும் தொலைவிலுள்ள லிட்டில் இந்தியாவில், 2013 டிசம்பர் 8 அன்று தமிழ்நாட்டைச் சேர்ந்த தொழிலாளர் ஒருவர் பேருந்தில் அடிபட்டு இறந்ததைத் தொடர்ந்து கலவரம் மூண்டது. 2015 இல் கொண்டுவரப்பட்ட மதுக் கட்டுப்பாட்டுச் சட்டம், இரவு 10.30 முதல் காலை 7 வரை பொது இடங்களில் மது அருந்துவதைத் தீவு முழுதும் தடை செய்தது. லிட்டில் இந்தியா, கேலாங் ஆகிய பகுதிகளில் வார இறுதி முழுதும் தடை விதிக்கப்பட்டது. வெளிநாட்டுத் தொழிலாளர்கள் விடுமுறை நாளில் திறந்தவெளியில் அமர்ந்து அருந்தும் வழக்கம் இதனால் கட்டுப்படுத்தப்பட்டது. உரிமம் பெற்ற உணவகங்களுக்கும் விடுதி மதுவகங்களுக்கும் உள்ளே அருந்துவோரைப் பொறுத்தவரை இத்தடை பொருந்தாது.