அரை மணி நேர அப்பா

மஞ்சக்குட்டையில் ஒரு காபித் தோட்டத்தின் வேலியோரம், சில்வர் ஓக் நிழலில் நின்ற சந்தனக் கன்றைத் தோட்டத்துப் பெரியவர் காட்டினார். இடுப்பளவு உயரம். பறவை போட்ட விதை, தானாக முளைத்தது. இலையைக் கசக்கி முகர்ந்து பார்த்தேன். வாசனையே இல்லை. "இப்ப ஒண்ணும் வராதுங்க. உள்ளே வைரம் பாஞ்சாத்தான் மணக்கும். அதுக்குப் பதினஞ்சு இருவது வருசம் ஆகும்" என்றார்.

அந்த வைரத்துக்குத்தான் இத்தனை ரத்தம். மற்ற மரங்களை அடியில் அறுப்பார்கள். சந்தனத்தை வேரோடு தோண்டி எடுப்பார்கள், வேரிலும் எண்ணெய் இருப்பதால். 1792-இல் திப்பு சுல்தான் இந்த மரத்தை அரசுக்கே உரியதாக்கினார். ஆங்கிலேயர் அதை விடவில்லை, நாமும் விடவில்லை. சொந்தப் பட்டா நிலத்தில் முளைத்த சந்தனம்கூட நிலத்துக்காரருக்குச் சொந்தமில்லை என்ற நிலை, இந்த நூற்றாண்டின் தொடக்கம் வரை தமிழ்நாட்டில் நீடித்தது. சேர்வராயன், சித்தேரி, ஜவ்வாது என்று நீளும் இந்த மலைகளில் வாழ்ந்தவர்களுக்கு, வாசலில் முளைத்த மரமே ஆபத்தானது.

ஏற்காட்டில் லேடீஸ் சீட்டுக்குப் போய் மேற்கே பாருங்கள். வானம் தெளிவாக இருந்தால் தொலைவில் மேட்டூர் நீர்த்தேக்கம் தகடுபோல் மின்னும். அந்த மேட்டூருக்குப் பக்கத்தில்தான் மூலக்காடு. 2004 அக்டோபர் 18 இரவு பாப்பாரப்பட்டி அருகே அதிரடிப்படை சுட்டுக்கொன்ற சந்தனக் கடத்தல்காரர் வீரப்பனை அங்கேதான் புதைத்தார்கள். வீரப்பன் கதையை நூறு பேர் எழுதிவிட்டார்கள். இந்த வாரம் நான் எழுத நினைப்பது அவருடைய மூத்த மகள் வித்யா ராணியைப் பற்றி.

தந்தையை நேரில் பார்த்தது ஒரே ஒரு முறை என்று அவர் சொல்லியிருக்கிறார். ஆரம்பப் பள்ளியில் படிக்கும் வயது. விடுமுறைக்குக் கோபிநாதத்தில் தாத்தா வீட்டுக்குப் போயிருந்தார். காட்டிலிருந்து வந்த அப்பா அரை மணி நேரம் பேசினார். நன்றாகப் படி, டாக்டராகு, மக்களுக்குச் சேவை செய் என்றார். பிறகு போய்விட்டார். அவ்வளவுதான். அதற்கடுத்து அந்தப் பெண் அறிந்த அப்பா, பத்திரிகையில் வந்த அப்பா.

அந்தச் சிறுமி என்ன குற்றம் செய்தாள்? பள்ளியில் பெயர் கேட்கும்போதெல்லாம் அடுத்த கேள்வி என்னவாக இருந்திருக்கும் என்று நினைத்தாலே மனம் கனக்கிறது. வீட்டில் சண்டை போட்டுக்கொண்டு பிரிந்த அப்பாவாக இருந்தால் கோபப்படலாம், ஒருநாள் சமாதானமும் ஆகலாம். இங்கே நடுவில் நின்றது ஒரு காடு. இரு மாநிலத்துப் போலீஸும் அந்தக் காட்டுக்குள் இருந்தது.

சந்தனம் கடத்துவது ஒற்றை ஆள் வேலை அல்ல. தோண்ட ஆள் வேண்டும், செதுக்கிச் சுமக்க ஆள் வேண்டும், லாரி வேண்டும், சோதனைச் சாவடியில் கண்ணை மூடிக்கொள்ள ஆள் வேண்டும், ஊருக்குள் பணத்தோடு காத்திருக்கும் ஆள் வேண்டும். யானைத் தந்தத்தில் தொடங்கிச் சந்தனத்துக்கு வந்த வீரப்பன், இந்தச் சங்கிலியின் காட்டு முனை. ஊர் முனையில் இருந்தவர்கள் பெரும்பாலும் வெளியே வரவே இல்லை. அவர்களுடைய மகள்கள் யாரிடமும் மைக் நீட்டி, உங்கள் அப்பா செய்தது சரியா என்று எவரும் கேட்டதில்லை. காட்டு முனையில் இருந்தவரின் மகளிடம் மட்டும் கேட்டோம், இன்றும் கேட்கிறோம்.

இதே போன்ற கேள்வி இத்தாலியில் ஒரு மகளுக்கு வந்தது. மிலன் நகரில் 2009 நவம்பர் 24 அன்று லியா கரோபாலோ என்ற பெண் காணாமல் போனார். கலாபிரியா மாகாணத்தைச் சேர்ந்த என்ட்ராங்கெட்டா என்ற குற்றக் கும்பலின் குடும்பத்தில் பிறந்து, அதே உலகத்தில் இருந்த கார்லோ கோஸ்கோவோடு வாழ்ந்து, பிறகு போலீஸிடம் உண்மையைச் சொன்னவர். அவரைக் கொன்றது கோஸ்கோவின் கும்பல்தான். மகள் டெனிஸுக்கு அப்போது 17 வயது. 2011-இல் தொடங்கிய வழக்கில் அவர் அப்பாவுக்கு எதிராகவே சாட்சி சொன்னார். 2012 மார்ச் 30-இல் கோஸ்கோவுக்கு ஆயுள் தண்டனை. டெனிஸ் இழந்தவை ஏராளம். ஆனால் அப்பா செய்தது என்ன என்பதை ஒரு நீதிமன்றம் விசாரித்து, ஏட்டில் எழுதி, அவர் கையில் கொடுத்தது.

வித்யா ராணிக்கு அது கிடைக்கவில்லை. 1993 ஏப்ரல் 9-இல் பாலாறு அருகே வீரப்பன் கும்பல் நடத்திய கண்ணிவெடித் தாக்குதலில் 22 பேர் இறந்தார்கள். அந்த வழக்கில் நான்கு பேருக்கு 2004 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தூக்குத் தண்டனை விதித்தது. பத்தாண்டு கழித்து அது ஆயுளாகக் குறைந்தது. அவர்களின் தலைவர் கூண்டில் ஏறவே இல்லை. 108 நாள் கன்னட நடிகர் ராஜ்குமாரைக் காட்டில் வைத்திருந்தது முதல், முன்னாள் அமைச்சர் நாகப்பா கடத்தப்பட்டுச் சடலமாகக் கிடைத்தது வரை எதற்கும் அவர் வாயிலிருந்து குறுக்கு விசாரணையில் ஒரு பதில் வரவில்லை. காட்டுக்கு வெளியே அவருக்கு யார் யார் கூட்டு என்பதும் அவரோடு புதைந்தது. ஒரு குற்றவாளியைச் சுட்டுக்கொன்றால் போலீஸுக்குக் கணக்கு முடிகிறது. அவர் வீட்டுக்கும், அவரால் சிதைந்த வீடுகளுக்கும் முடிவதில்லை. இதை நான் திரும்பத் திரும்பச் சொல்வேன்.

சட்டத்தின் பக்கம் நின்றவர்களும் இதே சந்தனத்தின் பெயரால் மகள்களைச் சிதைத்தார்கள். சேர்வராயனுக்கு வடகிழக்கே, சித்தேரி மலையடிவாரத்தில் வாச்சாத்தி. 1992 ஜூன் 20 அன்று பதுக்கிய சந்தனத்தைத் தேடுகிறோம் என்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஊழியர்கள் ஊருக்குள் நுழைந்தார்கள். மக்களை ஆலமரத்தடிக்கு இழுத்து வந்து அடித்தார்கள். 18 பெண்களை ஏரிப் பக்கம் கொண்டுபோய் வல்லுறவு செய்தார்கள். அவர்களில் பள்ளி வயதுச் சிறுமியும் உண்டு. குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் வழக்கு நடக்கும்போதே இறந்துபோனார்கள். மீதி 215 பேரும் குற்றவாளிகள் என்று 2011 செப்டம்பர் 29-இல் தருமபுரி நீதிமன்றம் சொன்னது. 2023-இல் சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. வீரப்பனைத் தேடிய அதிரடிப்படையின் சித்திரவதைகளுக்காக 89 பேருக்கு 2.80 கோடி ரூபாய் நிவாரணம் தரச் சொன்னது தேசிய மனித உரிமை ஆணையம், 2007-இல். வாச்சாத்திப் பெண்கள் 19 ஆண்டு காத்திருந்து தீர்ப்பை வாங்கினார்கள். அந்த உறுதியை எண்ணிக் கைகூப்புகிறேன்.

நீதிமன்றம் சொல்லாததை வித்யா ராணி தானே சொல்ல வேண்டியிருந்தது. 2020 பிப்ரவரியில் கிருஷ்ணகிரியில் பாரதிய ஜனதாவில் சேர்ந்தபோது சொன்னார்: அப்பாவின் எண்ணம் மக்களுக்கு உதவுவதுதான், ஆனால் அவர் போன பாதை தவறு. சட்டம் படித்தவர். பிறகு நாம் தமிழருக்கு மாறி, 2024-இல் கிருஷ்ணகிரி மக்களவைத் தொகுதியில் ஒரு லட்சத்துக்கும் மேல் வாக்கு வாங்கித் தோற்றார். கட்சிகள் கிடக்கட்டும். பெற்ற அப்பாவைப் பற்றி ஊரறிய 'தவறு' என்று சொல்ல ஒரு மகளுக்கு எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்! அந்தச் சொல்லை நான் மதிக்கிறேன். அதே வாக்கியத்தின் முதல் பாதியை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை.

காரணம் சீனிவாஸ். கர்நாடக வனத்துறை அதிகாரி. வீரப்பனைப் பிடிக்க வந்தவர் கோபிநாதத்திலேயே தங்கினார். ஊருக்கு மருந்தகம் கொண்டுவந்தார், மாரியம்மன் கோயில் கட்டினார், கடத்தலில் இருந்தவர்களைப் பேசிப் பேசியே சரணடைய வைத்தார். சரணடைகிறேன் என்று ஆசை காட்டி அழைத்து, ஆயுதமில்லாமல் வந்தவரை 1991 நவம்பர் 10-இல் வீரப்பன் கொன்றார். மக்களுக்கு உதவும் எண்ணம் கொண்ட ஒருவர் கொல்லக்கூடிய ஆளா சீனிவாஸ்? மறைவுக்குப் பின் சீனிவாஸுக்குக் கீர்த்தி சக்கரம் வழங்கினார்கள்.

அப்பா மகளிடம் மக்களுக்குச் சேவை செய் என்று சொன்னதும் அதே கோபிநாதத்தில்தான், சீனிவாஸ் இறந்து சில ஆண்டுகள் கழித்து. மேட்டூர்ப் பக்கம் போகிறவர்கள் மூலக்காட்டுச் சமாதியைப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பிவிடுகிறார்கள். பாலாறு தாண்டி கோபிநாதம் வரை போய் வாருங்கள். சீனிவாஸ் கட்டிய மாரியம்மன் கோயில் அங்கே இருக்கிறது.

(தொடரும்)