கண்ணாடிக்கு ஒரு போர்வை

ஜனவரி மாதத்தில் ஊட்டிக்குப் போகாதே என்று நண்பர்கள் எச்சரித்தார்கள். நான் போனேன். எழுதுவதற்குத் தனிமை வேண்டும் என்பது ஒரு காரணம். அந்த மாதத்தில் அறை வாடகை குறைவு என்பது உண்மையான காரணம்.

வாடகைக் காரை ஓட்டி வந்தவர் ஐம்பது வயது மனிதர். இரவு விடுதி வாசலில், திறந்த வெளியில் வண்டியை நிறுத்தியதும் டிக்கியிலிருந்து பழைய ஜமக்காளம் ஒன்றை எடுத்தார். வைப்பர்களை நிமிர்த்தி வைத்துவிட்டு, ஜமக்காளத்தை முன் கண்ணாடியின்மேல் விரித்து, இரண்டு ஓரங்களையும் கதவுகளுக்குள் செருகிச் சாத்தினார்.

“கண்ணாடிக்குக்கூடக் குளிருமா?” என்று கேட்டேன்.

“ராத்திரியிலே கண்ணாடி வானத்தைப் பார்க்கக் கூடாதுங்க, சார்” என்றார்.

நான் புன்னகை செய்தேன். கல்லூரியில் இரண்டு வருஷம் பௌதிகம் படித்தவன் அல்லவா? மனிதன் போர்த்திக்கொண்டால் அவனுடைய உடம்புச் சூடு வெளியே போகாமல் நிற்கும். தனக்கென்று சூடே இல்லாத கண்ணாடிக்குப் போர்வை என்ன செய்யும்? சுற்றியிருக்கும் காற்று எவ்வளவு குளிர்கிறதோ, அதுவும் அவ்வளவு குளிர்ந்துதானே தீரும்?

பொழுது விடிந்தது. புல்வெளி முழுவதும் உப்பைத் தூவியதுபோல் இருந்தது. பக்கத்தில் நின்ற காரின் முன் கண்ணாடி வெள்ளைச் சுவராகியிருந்தது. அதன் சொந்தக்காரர் அவசரக்காரர். ஒரு வாளி வெந்நீர் கொண்டுவந்து ஊற்றினார். படீரென்று ஒரு சத்தம்; கண்ணாடியின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை விரிசல் ஓடிற்று. வெந்நீர் பட்ட இடம் சட்டென்று விரிந்தது. படாத இடம் விரிய மறுத்தது. நம் டிரைவரோ ஜமக்காளத்தை உரித்து, உதறி, மடித்து வைத்துவிட்டு வண்டியைக் கிளப்பினார். என் புன்னகை அத்துடன் போயிற்று.

ஊர் திரும்பிப் புத்தகங்களைப் புரட்டினேன். எனக்கு முன்பே ஒருவர் இதேபோலப் புன்னகை செய்து, பிறகு அதற்காக வெட்கப்பட்டு எழுதியும் வைத்திருக்கிறார் என்று தெரிந்தபோது கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

அவர் பெயர் வில்லியம் சார்லஸ் வெல்ஸ். 1757ல் அமெரிக்காவின் சார்ல்ஸ்டன் நகரில் பிறந்து, லண்டனில் வைத்தியம் பார்த்தவர். தோட்டக்காரர்கள் இளஞ்செடிகளின்மேல் மெல்லிய பாயை விரிப்பதைப் பார்த்து, ‘இந்தப் பாயா குளிரைத் தடுக்கும்?’ என்று அரைகுறை அறிவின் கர்வத்தில் சிரித்ததாக அவரே ஒப்புக்கொள்கிறார்.

ஆனால் அவர் சிரித்ததோடு நிற்கவில்லை. சர்ரே பகுதியில் ஒரு தோட்டத்தில் இரவு இரவாகக் கண்விழித்தார். நான்கு கால்களின்மேல் ஒரு பலகையை நிறுத்தி, பலகைமேல் கொஞ்சம் கம்பளி மயிர், அடியில் கொஞ்சம் கம்பளி மயிர் வைத்தார். ஒவ்வொன்றும் பத்து குன்றிமணி எடைகூட இராது. விடிந்ததும் நிறுத்துப் பார்த்தால், மேலே இருந்தது அதிகப் பனியைக் குடித்திருந்தது. கீழே இருந்தது மிகக் குறைவாக. பனி மேலிருந்து விழுவதால்தானோ? அதையும் சோதித்தார். இரு பக்கமும் திறந்த ஒரு சுட்ட மண் குழாயை நிமிர்த்தி, அதற்குள் கம்பளியை வைத்தார். வானத்திலிருந்து நேராக விழுவதானால் குழாய்க்குள்ளும் அதே அளவு விழ வேண்டுமே! விழவில்லை. வானத்தின் பெரும் பகுதியைக் குழாயின் சுவர் மறைத்ததுதான் வித்தியாசம்.

கடைசியில் நான்கு குச்சிகளை நட்டு, புல்லுக்குச் சற்று மேலே ஒரு மெல்லிய கைக்குட்டையை விரித்துக் கட்டினார். அதன் கீழிருந்த புல், பக்கத்தில் திறந்து கிடந்த புல்லைவிட வெதுவெதுப்பாக இருந்தது. ஒரு கைக்குட்டைக்கு அவ்வளவு சக்தி!

‘பனி விழுகிறது’ என்று நாம் சொல்கிறோம். உண்மையில் அது விழுவதே இல்லை. புல்லோ கண்ணாடியோ, எந்தப் பொருளும் தன் உஷ்ணத்தைக் கதிராக வெளியே வீசிக்கொண்டே இருக்கிறது. சுவரும் மரமும் துணியும் அதைப்போலவே திருப்பி வீசுவதால் கணக்கு ஓரளவு சரியாகிறது. மேகமில்லாத வானம் மட்டும் வாங்கிக்கொண்டு சரிவரத் திருப்பித் தராத கடன்காரன். ஆகையால் வானத்தைப் பார்த்துக் கிடக்கும் பொருள், சுற்றியுள்ள காற்றைவிடவே அதிகமாகக் குளிர்ந்துவிடுகிறது. பிறகுதான் காற்றிலுள்ள ஈரம் அதன்மேல் படிகிறது. குளிர் உறைநிலைக்கும் கீழே போனால் பனிக்கட்டியாகவே படிகிறது. சாய்ந்து வானம் பார்க்கும் முன் கண்ணாடி வெளுத்துப்போன இரவில், பக்கத்துக் கண்ணாடிகள் பல சமயம் தப்பிவிடுவதும் இதனால்தான்.

வெல்ஸ் பணக்காரர் அல்ல, ஆரோக்கியசாலியும் அல்ல. உடம்பு குலைந்துகொண்டிருந்த நிலையிலேயே தன் குறிப்புகளைத் தொகுத்து, 1814ல் பனியைப் பற்றிய நூலை வெளியிட்டார். ராயல் சொஸைட்டி அவருக்கு ரம்ஃபோர்டு பதக்கம் அளித்தது. மூன்றே ஆண்டுகளில், 1817ல், அவர் இறந்துபோனார். ஆயுள் குறைவு என்று அறிந்த ஒருவர், இருக்கும் பொழுதைப் புல்லுக்குக் கைக்குட்டை கட்டுவதில் செலவிட்டாரே என்று நினைத்துப் பார்க்கிறேன். தம்முடைய சிரிப்புக்கு அவர் கட்டிய அபராதம் அது என்றே எனக்குத் தோன்றுகிறது.

ஊட்டி தாவரவியல் பூங்காவில் பனிக்காலத்தில் மலர் நாற்றுகளை மிலார்ச் செடிகளால் மூடி வைப்பார்கள். அங்கே உள்ள தோட்டக்காரர்களில் எத்தனை பேர் வெல்ஸின் பெயரைக் கேட்டிருப்பார்கள்? நம் டிரைவர் கேட்டிருக்கவில்லை. திரும்பும் வழியில் அவரிடம், “இந்த வித்தையை யாரிடம் கற்றுக்கொண்டீர்கள்?” என்று கேட்டிருந்தேன்.

“எங்கம்மா தோட்டத்திலே வேலை செஞ்சாங்க, சார். நாத்துக்கு மூடி போடுவாங்க. கண்ணாடியும் வெளியிலேதானே கிடக்குது?” என்றார்.

இந்தத் தடவை நான் புன்னகை செய்யவில்லை.