குடிகள் அறியவேண்டிய சட்டம்: திருச்சிராப்பள்ளியும் வேதநாயகம் பிள்ளையும்

ஆளும் அதிகாரம் இறைவனிடமிருந்து வருவதால் அதற்குப் பணிதல் கடமை என்று பவுல் அடிகளார் உரோமையருக்கு எழுதிய திருமுகத்தில் கூறியது கிறித்தவ அரசியல் சிந்தனையின் ஒரு பக்கமே. ஆள்வோரும் நீதிக்குக் கட்டுப்பட்டவர்கள் என்பது அதன் மறுபக்கம். 13ஆம் நூற்றாண்டில் சட்டத்துக்கு இலக்கணம் வகுத்த தாமஸ் அக்குவினாஸ், அது அறிவுக்கு ஒத்து, பொதுநலனை நாடி, உரிய அதிகாரமுடையவரால் இயற்றப்பட்டிருந்தால் மட்டும் போதாது, அதற்கு உட்படும் மக்களுக்கு அறிவிக்கவும் பட்டிருக்கவேண்டும் என்றார். பிரகடனம் எனப்படும் இந்த நான்காம் கூறுதான் ஆங்கிலேயர் ஆட்சிக்கால நீதிமன்றங்களில் பெரிதும் நலிந்திருந்தது.

திருச்சிராப்பள்ளியை அடுத்த குளத்தூரில் 1826ஆம் ஆண்டு கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்த வேதநாயகம் பிள்ளை, திருச்சிராப்பள்ளி நீதிமன்றத்தில் ஆவணக் காப்பாளராகச் சேர்ந்து, பின்னர் மொழிபெயர்ப்பாளரானார். நிலத் தகராறு, கடன் பத்திரம், பாகப்பிரிவினை என வழக்காடி தமிழில் சொன்னது ஆங்கிலேய நீதிபதிக்காக ஆங்கிலத்துக்குப் பெயர்ந்தது. தீர்ப்போ வழக்காடிக்குப் புரியாத மொழியில் எழுதப்பட்டது. இவ்விரு கரைகளுக்கும் நடுவே நின்று பழகியவர், தொடக்கநிலை உரிமையியல் நீதிபதியான மாவட்ட முன்சீப்பாகித் தரங்கம்பாடியிலும் சீர்காழியிலும் மாயூரத்திலும் பணியாற்றினார்.

சென்னையில் உயர் நீதிமன்றம் தொடங்கிய 1862ஆம் ஆண்டிலேயே அவருடைய ‘சித்தாந்த சங்கிரகம்’ வெளிவந்தது. உயர் நீதிமன்றத்துக்கு முன்பு மாகாணத்தின் உச்ச முறையீட்டு மன்றமாக இருந்த சதர் அதாலத், 1805 முதல் 1861 வரை வழங்கிய தீர்ப்புகளின் சாரத்தை அந்நூல் தமிழில் தந்தது. முந்தைய தீர்ப்புகள் பிந்தைய வழக்குகளுக்கு வழிகாட்டும் முறையில், அவற்றை அறியாத குடியானவன் தன் உரிமையையே அறியாதவனாகிறான். அக்குவினாஸ் கேட்ட பிரகடனத்தைத் தனி மனிதராக நிறைவேற்ற முயன்ற இந்த அரும்பணி, முதல் தமிழ்ப் புதினம் எழுதியவர் என்ற புகழின் நிழலில் மறைந்துபோனது வருந்தத்தக்கது.

1859இல் வெளியான அவருடைய ‘நீதிநூல்’ கடவுளைப் பற்றிக் கூறியபின் அரசரின் இயல்பையும் குடிகளின் இயல்பையும் எடுத்துக்கொள்கிறது. கைக்கூலி, அதாவது இலஞ்சம், அங்கே தனியாகக் கண்டிக்கப்படுகிறது. அரசுப் பணியில் இருந்துகொண்டே அப்பணியின் நோயைக் கண்டித்த துணிவு அதில் தெரிகிறது. 1879ஆம் ஆண்டின் ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ இன்னும் வெளிப்படையானது: ஆண்வேடத்தில் அரசேற்கும் ஞானாம்பாளின் ஆட்சியை நல்லாட்சிக்கு மாதிரியாகக் காட்டும் அப்புதினம், தமிழர் வழக்காடும் மன்றத்தில் தமிழ் வழக்கறிஞர்கள் ஆங்கிலத்தில் வாதிடுவதைக் கடுமையாகச் சாடுகிறது.

அந்தக் குறை பாதிதான் தீர்ந்திருக்கிறது. கீழமை நீதிமன்றங்களில் தமிழ் வழக்கு மொழியாகியிருந்தாலும், அரசமைப்பின் 348ஆம் உறுப்பின்படி உயர் நீதிமன்ற நடவடிக்கைகள் ஆங்கிலத்திலேயே நடக்கின்றன. ஆகவே திருவரங்கத்தில் எழும் ஒரு வழக்கு, மேல்முறையீட்டுக்காக உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குச் சென்றதும் வழக்காடியின் மொழியை விட்டு விலகிவிடுகிறது.