வளவுக்குள் ஒரு தனி அடுப்பு

செட்டிநாட்டு வீடுகளைப் பற்றி எழுதப் புகுவோர் பர்மாத் தேக்கில் கடைந்த தூண்களையும், இத்தாலியச் சலவைக்கல் பாவிய தரையையும், முட்டையின் வெண்கரு கலந்து அரைத்த சுண்ணாம்பினால் இழைத்து இழைத்து மெருகேற்றிய சுவர்களையும் வருணிப்பதிலேயே தங்கள் சொல்வளம் முழுவதையும் செலவிட்டுவிடுகிறார்கள். அவ்வீடுகளை எழுப்பிய திரவியம் ரங்கூனிலும் மோல்மீனிலும் பினாங்கிலும் கொழும்பிலும் ஈட்டப்பட்டது என்பதும் நாடறிந்த செய்தியே. ஆனால் அந்த மாளிகைகளின் பின்கட்டில் வரிசையாகப் போட்டிருந்த சிறு அடுப்புகளுள் ஒன்றில், அண்மையில் மணமுடித்துக் குடித்தனம் தொடங்கிய ஓர் இளம்பெண் தனக்கும் தன் கணவனுக்கும் மட்டுமாக உலை வைத்துவந்தாளே, அந்த வழக்கத்தைப் பற்றி அவர்கள் எழுதியது மிகச் சொற்பம். அவ்வீடுகளைக் கட்டிய வணிகர்களான நாட்டுக்கோட்டை நகரத்தாருடைய செல்வத்துக்கும் குடும்பச் சீருக்கும் தேக்குத் தூண்களைக் காட்டிலும் அந்தச் சிறு அடுப்பே பெரிய ஆதாரமாக நின்றது என்பது என் துணிபு.

அவ்வழக்கத்துக்கு வேறு வைத்தல் என்று பெயர். மகனுக்கு விவாகம் ஆகி, மருமகள் வீட்டு நடைமுறைகளைப் பார்த்துப் பழகிக்கொண்டதும், நல்ல நாளும் நேரமும் பார்த்து அவ்விருவரையும் தனிச் சமையலில் அமர்த்துவார்கள். அவர்கள் வீட்டை விட்டு வெளியேறுவதில்லை. பூர்விக சொத்து பாகமாவதில்லை. கொடுக்கல் வாங்கல் தொழிலும் முன்போலத் தகப்பனார் பெயரிலேயே கூட்டாக நடந்துவரும். ஆண்டுக்கு இவ்வளவு நெல், இவ்வளவு ரொக்கம் என்று குடும்பத் தலைவர் ஓர் அளவை நிர்ணயம் செய்து கொடுத்துவிடுவார். அந்த அளவுக்குள் உண்டு, உடுத்து, வந்த விருந்தை உபசரித்து, மிச்சமும் பிடிப்பது அந்த இளந்தம்பதிகளின் பொறுப்பு. மணமான பிள்ளைகள் ஐவர் இருந்தால் ஐந்து அடுப்பு எரியும். அப்பச்சியும் ஆத்தாளும் தங்களுக்கென்று வேறோர் அடுப்பு வைத்துக்கொள்வார்கள். கணவனை இழந்த முதியவளும் தன் கையாலேயே தனித்துச் சமைத்து உண்பாள். நம் நாட்டில் பிற இடங்களில் ஒரு வீட்டில் அடுப்பு பிரிந்தது என்று கேட்டால் மாமியாருக்கும் மருமகளுக்கும் மனஸ்தாபம் என்று ஊரார் முடிவு கட்டிவிடுவார்கள். இங்கோ அடுப்பைப் பிரிப்பது மங்கல காரியமாக நடந்தேறியது. சண்டை வந்த பிறகு பிரிவதைவிடச் சண்டை வருவதற்கு முன்பே பிரிந்துகொள்வது விவேகம் என்று யாரோ ஒரு முன்னோர் கண்டுகொண்டார் போலும்!

இவ்வழக்கம் நேற்று முளைத்ததன்று என்று எண்ணுவதற்கு ஒரு காரணம் உண்டு. சிலப்பதிகாரத்தில் மனையறம் படுத்த காதையைப் படித்தவர்கள், புகார் நகரத்துப் பெருவணிகன் மகனான கோவலனுக்கும் கண்ணகிக்கும் மணம் நிகழ்ந்த பின், கோவலனுடைய தாய் அவ்விருவரையும் வேறாக ஒரு மனையில் இருத்தி, அறம் செய்தலும் விருந்தினரைப் போற்றுதலுமாகிய இல்லறக் கடமைகளை அவர்கள் தாமாகவே நடத்தக் கண்டு மகிழ விரும்பினாள் என்று இளங்கோவடிகள் கூறுவதை நினைவுகூர்வார்கள். நகரத்தாரும் அந்தப் புகாராகிய காவிரிப்பூம்பட்டினத்திலிருந்து பாண்டிநாட்டுக்குக் குடிபெயர்ந்தவர்கள் என்பது அவர்களுடைய குல வரலாறு. காவியத்தில் வருவதையும் காரைக்குடியில் நடந்ததையும் ஒரே கயிற்றில் கட்டிவிட நான் துணியவில்லை. ஆயினும் கடல் கடந்து வாணிகம் செய்யும் குடிகளில் இளையவர்களை விரைவிலேயே தம் காலில் நிற்கப் பழக்கும் ஆசாரம் இந்நாட்டில் மிகப் பழமையானது என்று கொள்வதில் தவறில்லை.

விவாகம் என்பது நகரத்தாரிடையே இரண்டு பேருடைய சொந்த விஷயமாக மட்டும் இருந்ததில்லை. இளையாற்றக்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, பிள்ளையார்பட்டி முதலிய ஒன்பது நகரக் கோயில்களுள் ஏதேனும் ஒன்றைச் சேர்ந்தவர்களாகவே ஒவ்வொரு குடும்பத்தாரும் எண்ணப்படுவார்கள். ஒரே கோயிலைச் சேர்ந்த பங்காளிகளுக்குள் பெண் கொடுப்பதும் எடுப்பதும் பெரும்பாலும் இல்லை. கோயிலிலிருந்து மாலை வந்தால்தான் திருமணம் சமூகத்தின் அங்கீகாரத்தைப் பெறும். இரு வீட்டாரும் ஒப்பி எழுதிக்கொள்ளும் இசைபிடிமானம் அதற்குச் சாசனம். அன்று முதல் அந்தத் தம்பதிகள் ஒரு புள்ளியாகக் கோயில் கணக்கில் ஏறுவார்கள். கோயிலுக்குச் செலுத்தும் வரியும் புள்ளிக் கணக்கில்தான் விதிக்கப்படும். கணவன் மனைவியரில் ஒருவர் காலமானால் எஞ்சியவர் அரைப் புள்ளி. மணமாகாத ஆண்மகன் எவ்வளவு கெட்டிக்காரனாயினும் புள்ளியாக மாட்டான். வாலிபன் ஒருவன் சமூகத்தில் முழு அங்கத்தினனாவதற்கு ஒரு பெண்ணின் துணை இன்றியமையாதது என்று வகுத்துவைத்த இம்முறையைக் காணும்போது எனக்கு அதன்மேல் மதிப்பு மிகுகிறது. கோயிலில் ஒரு புள்ளி, வீட்டில் ஓர் அடுப்பு, கணக்கேட்டில் ஒரு பற்று; இம்மூன்றும் சேர்ந்தே பிறந்தன.

இனி, அந்த இளந்தம்பதிகள் வாழ்ந்த இடத்தைப் பார்ப்போம். முகப்பையும் பட்டாலையையும் கடந்தால் வளவு. நடுவே வானம் பார்த்த முற்றம். அதைச் சுற்றிலும் நாற்புறமும் அறைகள். ஒவ்வோர் அறையையும் வீடு என்றே சொல்வார்கள். மணமான மகனுக்கு ஒரு வீடு. உள்ளறையும் வெளியறையுமாக அமைந்தால் அது இரட்டை வீடு. பெயர்தான் வீடே தவிர, அதில் இடம் அதிகமில்லை. பெண் கொண்டுவந்த சீர்ச் சாமான்களே அதில் பெரும்பகுதியை அடைத்துக்கொள்ளும்: பித்தளை அண்டாக்கள், வெண்கலப் பானைகள், ஸ்வீடனிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் வந்து இறங்கிய, எனாமல் பூசிய மங்குச் சாமான்கள், வண்ண ஓலையில் முடைந்த கொட்டான்கள், பிற்காலத்தில் எவர்சில்வர் அடுக்குகள். விவாகத்தின்போது இவற்றையெல்லாம் பரப்பி வைத்து உறவினர் பார்வையிடச் செய்வதும் உண்டு. பகற்பொழுதில் ஆண்கள் முகப்பில் கணக்குப் பார்த்திருப்பார்கள். பெண்கள் வளவிலும் பின்கட்டிலும் இருப்பார்கள். கணவனும் மனைவியும் தனித்துப் பேசுவதற்கு இராப்பொழுதையும் அந்தச் சிறு அறையையும் விட்டால் வேறு சந்தர்ப்பம் அரிது.

ஆனால் ஆளரவமற்ற தனிமைக்கும் அங்கே இடமில்லை. விடியுமுன் ஊருணிக்குக் குடம் எடுத்துப் போகும்போதே ஓர்ப்படிகளும் அண்டை வீட்டு ஆச்சிமாரும் உடன் வருவார்கள். அடுப்படியில் அடுத்தடுத்து அமர்ந்து சமைக்கையில் ஒருத்தியின் குழம்புக்கு மற்றவள் புளி கொடுப்பாள். கைக்குழந்தைக்காரியின் அடுப்பை வேறொருத்தி பார்த்துக்கொள்வாள். கணக்கு வேறு என்றால் கைம்மாற்று கிடையாது என்று பொருளல்ல. வாங்கியது திருப்பிக் கொடுக்கப்படும் என்றே பொருள். இதை உலோபம் என்று ஏளனம் செய்தவர்கள் உண்டு. எனக்கு அது சரியாகத் தோன்றவில்லை. இன்று வாங்கிய உழக்கு எண்ணெயை நாளை அளந்து திருப்புகிறவள் யாருக்கும் கீழ்ப்பட்டு நிற்க வேண்டியதில்லை. பத்துப் பெண்கள் ஒரே வளவில் ஆண்டாண்டாக முகம் கோணாமல் வாழ்ந்ததன் இரகசியம் அந்த அளவையில் இருக்கிறது. நோன்பு நாட்களிலும் விசேஷங்களிலும் எல்லா அடுப்பும் ஒன்றாகிவிடும். மார்கழியில் பிள்ளையார் நோன்பன்று, திருக்கார்த்திகையிலிருந்து இருபத்தொரு நாட்கள் சேர்த்த இருபத்தோர் இழைகளைத் திரியாக்கி, இனிப்பு மாவிலே வைத்து ஏற்றிய சுடரோடு வீட்டு மூத்தவர் எடுத்துக் கொடுக்க, அனைவரும் வரிசையாக வாங்கி உண்பார்கள். கந்தரப்பமும் வெள்ளைப் பணியாரமும் கும்மாயமும் செய்யும் நாட்களில் வளவெங்கும் பெண்கள் குரலாகவே இருக்கும். பர்மாவிலிருந்து வந்த கவுனி அரிசி அந்த ஊர்களின் விருந்தில் நிலையான இடம் பெற்றுவிட்டதும் அந்தக் கடல் வாணிகக் காலத்திலேதான்.

பர்மா என்று சொல்லும்போது இவ்வாழ்க்கையின் மறுபக்கம் கண்முன் வருகிறது. 1852 இல் கீழ்ப் பர்மா ஆங்கிலேயர் வசமான பின்பும், 1869 இல் சூயஸ் கால்வாய் திறந்து ஐரோப்பாவுக்கு அரிசி ஏற்றுமதி பெருகிய பின்பும், ஐராவதி டெல்டாவில் காடு திருத்திப் பயிர் செய்த குடியானவர்களுக்கு வேண்டிய கடன் முதலை நகரத்தாரே கொடுத்துவந்தார்கள். 1930 ஆம் ஆண்டையொட்டி அரசாங்க விசாரணைக் குழு ஒன்று பர்மாவில் மட்டும் அவர்களுடைய முதல் 75 கோடி ரூபாய் என்று மதிப்பிட்டது. இத்தனை பெரிய தொழிலை நடத்தியவர்கள் கணக்கு என்று வழங்கிய மூன்றாண்டுத் தவணைக்குச் சென்று திரும்பும் ஆட்கள். பெட்டியடிப் பையனாகச் சிறு வயதில் புகுந்து, அடுத்தாளாகி, மேலாளாக உயர்ந்தவர்கள் அவர்கள். ஊதியத்தில் ஒரு பகுதி புறப்படுமுன்பே முன்பணமாகக் குடும்பத்துக்குக் கிடைத்துவிடும். மனைவியர் உடன் செல்வது வழக்கமில்லை. பதினாறு பதினெட்டு வயதில் மாலையிட்டவன் சில மாதங்களில் கப்பலேறிவிட்டால், அவனை மறுபடி காண மூன்று ஆண்டுகள் செல்லும். வந்து சிறிது காலம் தங்கி, மறு கணக்குக்குப் போய்விடுவான். பதினைந்து ஆண்டு தாம்பத்தியத்தில் சேர்ந்திருந்த காலம் நாலைந்து ஆண்டுக்கு மேல் தேறாத தம்பதிகள் எத்தனையோ பேர்!

இந்த நிலையை வைத்துப் பார்த்தால்தான் தனி அடுப்பின் பயன் முழுவதும் விளங்கும். பதினான்கோ பதினைந்தோ வயதான ஒரு பெண் கணவன் அருகில் இல்லாத காலத்தில் நெல்லை ஆண்டு முழுவதும் வரும்படி அளந்து அவித்து, ஆள்காரர்களுக்குக் கூலி கொடுத்து, நாத்தனாருக்குச் செய்ய வேண்டிய முறைகளைத் தவறாமல் செய்து, மொய்ப்பண ஏட்டில் யாருக்கு எவ்வளவு திருப்ப வேண்டும் என்பதை நினைவில் வைத்து, தன் சீதனப் பணத்தையும் வட்டிக்குப் போட்டுப் பெருக்கினாள். ஆச்சிமார் பணம் என்று வட்டிக்கடைப் பேரேடுகளில் ஏறிய தொகைகள் அக்கடைகளின் முதலுக்குச் சிறிதளவு வலிமையா தந்தன? கணவன் ரங்கூனில் வரவு செலவைச் சரிகட்டி ஐந்தொகை எடுத்தான் என்றால் மனைவி தேவகோட்டையில் தன் மனத்துக்குள்ளேயே ஐந்தொகை எடுத்தாள். அவனுடைய கணக்கு ஏட்டில் நின்றதால் சரித்திரமாயிற்று, அவளுடையது நிற்கவில்லை.

அவள் பட்ட துயரத்தை நான் மறைத்துச் சொல்ல விரும்பவில்லை. எழுத்தறியாத மனைவி கணவனுக்குக் கடிதம் விடுக்க வேண்டுமானால் வீட்டு ஆண்பிள்ளை ஒருவரிடம் சொல்லி எழுதுவிக்க வேண்டும். மாமனாரோ கொழுந்தனோ எழுதும் கடிதத்தில் நெல் விளைந்த செய்தியும் குழந்தைக்கு முடியிறக்கிய செய்தியும் ஏறுமே தவிர, அவள் உள்ளத்தில் இருப்பது ஏறாது. தலைப்பிள்ளையைத் தகப்பன் முதன்முதலாகக் காண்பதற்குள் அது நடந்து ஓடப் பழகியிருக்கும். கணக்கு முடித்துத் திரும்பாமல் அயல்நாட்டிலேயே காலமானவர்களும் இருந்தார்கள். பொருளாதார நிபுணர்கள் நகரத்தாருடைய வட்டி விகிதத்தை ஆராய்ந்திருக்கிறார்கள். அந்த மூலதனத்துக்கு இப்பெண்கள் தங்கள் இளமையால் கட்டிய வட்டியை யாரும் ஆராயவில்லை. வேறு வைத்தல் என்னும் வழக்கம் அவர்களுக்குப் பொறுப்பையும் மதிப்பையும் தந்தது உண்மை. துணையைத் தர அதனால் இயலவில்லை.

பின்னர் நடந்தவற்றை விரிக்க வேண்டியதில்லை. 1930 வாக்கில் நெல்விலை வீழ்ந்து கடன்கள் நிலமாகத் திரும்பின. 1941 டிசம்பர் 23 இல் ரங்கூன்மேல் ஜப்பானியர் குண்டு வீசினார்கள். அஸ்ஸாம் வழியாகக் கால்நடையாய்த் தப்பி வந்தவர்கள் பலர், வழியில் மாண்டவர்களும் பலர். சுதந்தர பர்மா 1948 இல் நிலங்களை அரசுடைமையாக்கச் சட்டம் செய்தது. அறுபதுகளில் கடைகளும் போயின. பிழைப்புத் தேடிச் சென்னைக்கும் மதுரைக்கும் கோயம்புத்தூருக்கும் சென்ற வாலிபர்கள் இம்முறை மனைவியரையும் உடன் அழைத்துச் சென்றார்கள். ஒரு கூரையின் கீழ்த் தனி அடுப்பாக இருந்தது தனிக் கூரையாகவே ஆயிற்று. கணவன் மனைவியர் சேர்ந்து வாழ்வது என்னும் சாமானிய பாக்கியம் அவர்களுக்குச் செல்வம் போன பிறகே கிடைத்தது. வளவுகளோ ஆண்டில் பெரும்பகுதி பூட்டிக் கிடந்து, கலியாணத்துக்கும் முன்னோர்க்கான படைப்புக்கும் மட்டும் திறக்கப்படுகின்றன. கவனிப்பாரற்ற வீடுகளின் நிலைகளும் தூண்களும் மங்குச் சாமான்களும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் விலைக்குக் கிடைக்கின்றன.

தூணுக்கு விலை உண்டு. வாங்கிப் போகிறவர்கள் அதைக் காப்பாற்றுவார்கள். பழைய மொய்ப்பண ஏடுகளுக்கும், இசைபிடிமான ஓலைகளுக்கும், பினாங்குத் தபால் முத்திரை விழுந்த கடிதக் கட்டுகளுக்கும் விலை இல்லை. அவை பழைய காகிதத்தோடு எடைக்குப் போகின்றன. கோட்டையூரில் ரோஜா முத்தையா என்ற ஒருவர் தம் வாழ்நாளெல்லாம் புத்தகங்களும் அச்சிட்ட தாள்களும் சேகரித்து வைத்ததனால்தான் அவர் பெயரில் 1994 இல் சென்னையில் ஓர் ஆராய்ச்சி நூலகம் எழுந்தது. அப்படி ஒருவர் ஒவ்வோர் ஊரிலும் பிறப்பார் என்று காத்திருக்க முடியாது. உங்கள் வீட்டுப் பெட்டகத்தில் ஆயாவோ அப்பத்தாவோ வைத்துச் சென்ற கணக்குத் தாள் ஒன்று இருக்குமானால், அதை எறிந்துவிடாமல் இத்தகைய நூலகம் ஒன்றில் சேர்த்துவிடுங்கள். அவர்களுடன் அருகிருந்து வாழ்ந்தவர்கள் உயிரோடிருக்கையில் அந்த அடுப்படிக் கதையைக் கேட்டு, தேதியோடு எழுதியும் வையுங்கள்.