பாடசாலையிலிருந்து படைமுகாம்களுக்கு: ஒரு மகளிர் இசைக்குழுவின் கதை

1945 மே மாதத்தில் யேர்மனி சரணடைந்தது. இரு மாதங்கள் கழிந்து, யூலையில், இளம் பெண்கள் மட்டுமே அடங்கிய இசைக்குழுவொன்று அமெரிக்காவிலிருந்து ஐரோப்பாவுக்குப் புறப்பட்டது. அங்கு நிலைகொண்டிருந்த அமெரிக்கப் படையினரை மகிழ்விப்பதே அவர்களது பணி. 'இன்ரநஷனல் சுவீற்ஹாட்ஸ் ஒவ் றிதம்' என்பது குழுவின் பெயர். திரையுலக நட்சத்திரங்கள் பலர் இத்தகைய பயணங்களை மேற்கொண்டிருந்தனர். இப்பெண்களோ மிசிசிப்பி மாநிலத்துக் கிராமப்புறப் பாடசாலையொன்றிலே தோன்றிய குழுவினர்.

பைனி வூட்ஸ் என்னும் அப்பாடசாலையை லோறன்ஸ் ஜோன்ஸ் என்பவர் 1909 இல், வறிய கறுப்பினப் பிள்ளைகளுக்காக நிறுவினார். அரசின் கடைக்கண் பார்வை கறுப்பினப் பிள்ளைகளின் கல்விமீது விழாத காலம் அது. எனவே மாணவியரைப் பாடகர்களாக ஊரூராக அனுப்பி நிதி திரட்டும் வழக்கம் அங்கு நிலவிற்று. 1937 இல் அவ்வழக்கமே பெரும் இசைக்குழுவாக வளர்ந்தது. குழுவில் இருந்தோர் பதின்ம வயதினர். அதிபரின் வளர்ப்பு மகள் ஹெலன் ஜோன்ஸ் துரொம்போன் வாசித்தார். சீனத் தந்தைக்குப் பிறந்த வில்லி மே வொங் சக்சபோன் வாசித்தார். 'சர்வதேச' என்ற அடைமொழி வந்தமைக்கு இத்தகைய கலப்பே காரணம்.

குழு புகழ் பெறப் பெறப் பாடங்கள் தவறின. தம்மிற் சிலருக்குச் சான்றிதழ் கிடைக்காது என்பதை அறிந்த மாணவியர் 1941 இல் பாடசாலையை விட்டே வெளியேறினர் என்பர். தமது உழைப்பாற் பிழைத்த கல்விக்கூடமே தமக்குக் கல்வியை மறுத்தால் வேறென்ன செய்வது? வேர்ஜீனியா மாநிலத்து ஆர்லிங்ரனில் ஒரு வீடு அவர்களது இருப்பிடமாயிற்று.

எனினும், பெரும்பாலான நாட்களில் அவர்களது வீடு பஸ் வண்டியே. தென் மாநிலங்களின் இன ஒதுக்கற் சட்டங்கள் காரணமாக உணவகங்களும் விடுதிகளும் அவர்களுக்கு அடைக்கப்பட்டிருந்தன. ஆகவே வண்டியிலேயே உண்டனர், வண்டியிலேயே உறங்கினர். 1943 முதல் வெள்ளையினப் பெண்கள் சிலரும் சேர்ந்துகொண்டபோது நிலைமை மேலும் சிக்கலாயிற்று. கறுப்பினத்தவரும் வெள்ளையரும் ஒன்றாகப் பயணஞ் செய்வதே அங்கு குற்றம். காவல் துறையினர் கண்ணிற் படாதிருக்க, வெள்ளைப் பெண்கள் முகத்திற் கருநிறப் பூச்சுப் பூசி மேடையேறினர். அவர்களுள் ஒருவரான றோஸ் குறோன், ரெக்சாஸ் மாநிலத்து எல் பாசோவில் ஒருமுறை சிறையிலும் அடைக்கப்பட்டார்.

இத்தகையோரை அரசு எவ்வாறு கடல் கடந்து அனுப்பிற்று? 1941 இல் உருவான யூ.எஸ்.ஓ. என்னும் அமைப்பே படையினருக்கான கலைநிகழ்ச்சிகளை நடத்தியது. 1947 வரை 7,000 இற்கும் மேற்பட்ட கலைஞர்களைக் கொண்டு 4 இலட்சத்துக்கும் மேற்பட்ட நிகழ்ச்சிகளை அது அரங்கேற்றிற்று. உள்நாட்டு முகாம்களுக்கு இரு சுற்றுகள், மருத்துவமனைகளுக்கு ஒரு சுற்று, வெளிநாட்டுக் களங்களுக்கு 'பதுங்குகுழிச் சுற்று' என வகுத்திருந்தனர். (பதுங்குகுழி என்ற சொல்லை எமது வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.) ஆபத்தும் இருந்தது. 1943 பெப்ரவரியில் கலைஞர்கள் சிலரை ஏற்றிச் சென்ற விமானம் லிஸ்பனில் ஆற்றில் வீழ்ந்து 24 பேர் மாண்டனர்.

அன்றைய அமெரிக்க இராணுவத்தில் கறுப்பினச் சிப்பாய்கள் தனிப் பிரிவுகளில் ஒதுக்கப்பட்டிருந்தனர். கலைக்குழுக்களும் நிறம் பார்த்தே பிரிக்கப்பட்டன. கறுப்பினப் படையினருக்கென ஒலிபரப்பப்பட்ட 'யூபிலி' வானொலி நிகழ்ச்சியில் இப்பெண்களின் இசையும் ஒலித்தது. இக்குழுவைத் தம்மிடம் அனுப்புமாறு கோரிக் கறுப்பினச் சிப்பாய்கள் கடிதங்கள் எழுதிக் குவித்தனர். மேலிடம் தானாக மனமுவந்து வழங்கிய வாய்ப்பன்று அது. அச்சிப்பாய்களின் பேனா பெற்றுத் தந்தது.

பிரான்சிலும் யேர்மனியிலும் ஏறக்குறைய ஆறு மாதங்கள் முகாம் முகாமாக வாசித்தனர். குழுவின் தலைவி அன்னா மே வின்பேர்ண். பாசிசத்தை முறியடித்த படைக்கு, அப்படையின் சீருடை போன்ற உடையணிந்து அவர்கள் இசைத்தனர். அதே பெண்கள் நாடு திரும்பித் தெற்கே சென்றால், தேநீர் அருந்தவும் பின்கதவைத் தேட வேண்டும். இராணுவத்தில் இனப் பாகுபாட்டை ஒழிக்கும் ஆணையில் சனாதிபதி ட்றூமன் ஒப்பமிட்டதும் 1948 யூலையிலேதான்.

1949 இல் குழு கலைந்தது. மணமுடித்தோர் சிலர், வேறு குழுக்களிற் சேர்ந்தோர் சிலர். ஜாஸ் இசை வரலாற்று நூல்கள் நெடுங்காலம் அவர்களைப் பற்றி வாய் திறக்கவில்லை. 1980 இல் கன்சாஸ் நகரத்து மகளிர் ஜாஸ் விழாவிலே மீண்டும் ஒன்றுகூடினர். 2011 இல், எஞ்சியிருந்த முதிய பெண்கள் சிலர் வாஷிங்டனுக்குச் சென்று, தாம் பாதுகாத்து வைத்திருந்த நினைவுப் பொருட்களை ஸ்மித்சோனியன் அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்திடம் கையளித்தனர்.