விண்மீன்களின் பாதையை மாற்றுவது எது? சந்திரசேகரின் கணக்கும் அதன் பின்வரலாறும்

சுப்பிரமணியன் சந்திரசேகர் என்றதும் வெண்குறு விண்மீன்களின் நிறை வரம்பே பலருக்கும் நினைவுக்கு வரும். சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற அவர், 1937இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்த பின்னர் வேறொரு துறையிலும் ஆழ்ந்தார். விண்மீன் இயக்கவியலின் அடிப்படைகள் குறித்த அவரது நூல் 1942இல் வெளிவந்தது. பால்வீதியின் வட்டில் சுற்றிவரும் ஒரு விண்மீனின் பாதை, அதனருகே கடந்துசெல்லும் பிற விண்மீன்களின் ஈர்ப்பால் எவ்வளவு மாறும் என்பது அந்நூல் ஆராய்ந்த கேள்விகளுள் ஒன்று.

ஒவ்வொரு சந்திப்பும் தரும் மாற்றம் மிகச் சிறியது. அவை சேர்ந்து பாதையைக் குறிப்பிடத்தக்க அளவு திருப்பப் பல லட்சம் கோடி ஆண்டுகள் தேவை. பால்வீதியின் வயதோ ஏறத்தாழ 1,300 கோடி ஆண்டுகளே. ஆயினும், வயது முதிர்ந்த விண்மீன்கள் இளையவற்றைவிட ஒழுங்கற்ற வேகங்களுடன் இயங்குவதை நோக்கர்கள் கண்டிருந்தனர். அப்படியானால், விண்மீன்களைவிடப் பெரிய ஏதோவொன்று அவற்றைக் கலைத்திருக்க வேண்டும்.

1951இல் லைமன் ஸ்பிட்சரும் மார்ட்டின் சுவார்ஸ்சைல்டும் ஒரு விடையை முன்வைத்தனர். ஏறத்தாழ 10 லட்சம் சூரிய நிறை கொண்ட வாயு முகில்கள் வட்டில் இருந்தால் அந்த வேகங்களை விளக்கலாம் என்றனர். அத்தகைய முகில்களை எவரும் அப்போது கண்டதில்லை. 1970களில் ரேடியோ தொலைநோக்கிகள் மாபெரும் மூலக்கூறு முகில்களைக் காட்டின. நிலையாக நில்லாது மாறிவரும் சுருள் கரங்களின் ஈர்ப்பும் பின்னர் இக்கணக்கில் சேர்ந்தது.

இதனிடையே, 1943இல் சந்திரசேகர் இயக்க உராய்வு என்னும் கருத்தை வகுத்திருந்தார். விண்மீன்களிடையே ஊடுருவும் கனத்த பொருளின் பின்னால் விண்மீன்கள் சற்றே செறிகின்றன; அச்செறிவின் ஈர்ப்பு அதைப் பின்னிழுக்கிறது. பொருளின் நிறை கூடக்கூட இத்தடையும் வலுக்கிறது. 1994இல் கண்டறியப்பட்ட தனுசுக் குறுமண்டலம் பால்வீதிக்குள் மெல்ல அமிழ்ந்துவருவதற்கு இவ்வுராய்வே காரணம். அங்கே பின்னிழுப்பதில் பெரும்பங்கு கரும்பொருளுக்கு உரியது.

2018இல் கையா விண்கலத்தின் அளவீடுகளை ஆராய்ந்த தெரெசா அந்தோஜா குழுவினர், வட்டின் தளத்திலிருந்து விண்மீன்களின் உயரத்தையும் செங்குத்து வேகத்தையும் ஒருங்கே வரைந்தபோது சுருள் வடிவம் ஒன்று தோன்றியது. கடந்த 30 முதல் 90 கோடி ஆண்டுகளுக்குள் வட்டு கலக்கப்பட்டதன் தடயம் அது என்றனர். கலக்கியது தனுசுக் குறுமண்டலமா, அதற்குப் போதிய நிறை இருந்ததா என்னும் விவாதம் இன்னும் ஓயவில்லை.

ஆக, தனியொரு விண்மீனின் பாதையில் பொருட்படுத்தத் தேவையற்றதாகச் சந்திரசேகர் கணித்த அதே வகைச் சிற்றீர்ப்புகளின் கூட்டுவிளைவே, கனத்த அயல்மண்டலம் ஒன்றைப் பால்வீதியின் வட்டை நோக்கி இழுத்துவருகிறது.